முட்டுக்காடு முகத்துவாரம்: ஒரு மணல் திட்டை நம்பியிருக்கும் கழி

முட்டுக்காடு என்றதும் சென்னைக்காரர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது படகு. 1984-ல் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் அங்கே படகு குழாம் தொடங்கியது. பள்ளிச் சுற்றுலா, மாமல்லபுரம் போகிற வழியில் ஒரு மணி நேரம், ஊரிலிருந்து வந்த உறவினர்களை அழைத்துப்போக ஓர் இடம் என்று இரண்டு தலைமுறை அங்கே மிதிபடகு மிதித்துவிட்டது. அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எப்படி நிற்கிறது, எந்த வழியாகப் போகிறது என்பதைப் படகுச் சீட்டு வாங்கும் வரிசையில் யாரும் பேசுவதில்லை. ஆனால் மழைக்காலத்தில் தென்சென்னையின் பெரும்பாக்கத்திலும் பள்ளிக்கரணையிலும் வீட்டுக்குள் தண்ணீர் நிற்கும்போது, அது வடிய வேண்டிய கடைசி வாசல் இதே முட்டுக்காடுதான்.

இந்தக் கழியை, அதாவது கடலோடு சேரும் இந்த உவர்நீர்ப் பரப்பை, வெறும் பொழுதுபோக்கு இடமாக எடுத்துக்கொண்டு ஆராய முடியாது என்பது என் கருத்து. படகு, மீன், பறவை, வெள்ள வடிகால் ஆகிய நான்கும் கடலோரத்தில் கிடக்கும் ஒரு மணல் திட்டை நம்பியிருக்கின்றன. திட்டு உடைந்திருந்தால் ஒரு கழி, அடைத்திருந்தால் வேறொரு கழி. ஒவ்வொருவருக்கும் வேண்டிய ஆழமும் வேறு. அந்த ஆழத்தை யார், எப்போது, எந்தக் கணக்கில் முடிவு செய்வது என்பதைச் சுற்றித்தான் இங்குள்ள சிக்கல்கள் எல்லாம் நிற்கின்றன.

கழியின் கிடப்பு

சென்னை மையத்திலிருந்து தெற்கே சுமார் 36 கி.மீ. தொலைவில், கிழக்குக் கடற்கரைச் சாலை இந்தக் கழியைப் பாலத்தின் வழியாகக் கடக்கிறது. நிர்வாகக் கணக்கில் செங்கல்பட்டு மாவட்டம். நடைமுறையில் சென்னையின் புறநகர். பாலத்துக்குக் கிழக்கே கொஞ்ச தூரத்தில் வங்கக் கடல். வடகரையில் முட்டுக்காடு, தென்கரையில் கோவளம். மேற்கே போனால் கழி அகன்று, பழைய மாமல்லபுரம் சாலையில் இருக்கும் கேளம்பாக்கம் வரை நீளும்.

வரைபடத்தில் பார்த்தால் இதை ஆறு என்று தவறாக நினைக்க இடமுண்டு. மலையிலிருந்தோ பெரிய ஏரியிலிருந்தோ இறங்கிவரும் ஒரே நீரோட்டம் இதற்குக் கிடையாது. கடற்கரைக்கு இணையாக, மணல் மேட்டுக்குப் பின்னால், வடக்கிலும் தெற்கிலும் நீண்டு கிடக்கும் தாழ்ந்த நிலத்தில் சேரும் தண்ணீர், இந்த ஓர் இடத்தில் கிழக்கே திரும்பிக் கடலுக்கு வழி தேடுகிறது. வடக்கிலிருந்து பக்கிங்காம் கால்வாய் வந்து சேர்கிறது. தெற்கே கோவளம், திருவிடந்தை, வடநெம்மேலி, நெம்மேலிப் பக்கமாக அதே தாழ்நிலம் தொடர்கிறது. மேற்கே தையூர் போன்ற பெரிய ஏரிகளின் உபரிநீரும் சிறுசேரி, படூர் பக்கத்து ஓடைகளின் நீரும் சரிவில் இறங்கிவந்து இதில் கலக்கின்றன.

பக்கிங்காம் கால்வாயைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அதை முழுக்கப் புதிதாகத் தோண்டிய கால்வாய் என்று நினைப்பது சரியில்லை. ஏற்கெனவே இருந்த கழிகளை ஒன்றோடொன்று இணைத்துத்தான் அதன் பெரும்பகுதி உருவானது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னைக்கு வடக்கே ஆரம்பித்த வேலை, பிறகு தெற்கே மரக்காணம் வரை நீண்டது. அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் துண்டு 1877-78 பஞ்ச காலத்தில் நிவாரண வேலையாக வெட்டப்பட்டது; அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் கோமகன் பெயர் கால்வாய்க்கு வந்தது. விறகும் உப்பும் நெல்லும் படகில் சென்னைக்குப் போன காலம் அது. அந்தக் கால்வாய் வந்தபின் முட்டுக்காடு தன் பாட்டுக்கு இருக்கும் தனிக் கழி என்ற நிலை மாறியது. வடக்கே பதினைந்து கி.மீ. தள்ளி நடப்பதெல்லாம் இங்கே வந்து சேர ஒரு பாதை கிடைத்துவிட்டது.

கோவளத்துக்கு இன்னும் பழைய வரலாறும் உண்டு. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இன்றைய பெல்ஜியத்திலிருந்து வந்த ஆஸ்டெண்ட் கம்பெனி இங்கே வணிகத் தளம் வைத்திருந்தது. பிறகு ஆற்காட்டு நவாப் கோட்டை கட்ட, பிரெஞ்சுக்காரர்கள் அதைப் பிடிக்க, 1752-ல் ஆங்கிலேயத் தளபதி கிளைவ் அதைக் கைப்பற்றித் தகர்த்தார். ஒரு சிறு மீனவ ஊருக்கு ஏன் இத்தனை பேர் போட்டி போட்டார்கள் என்றால், கடலும் உள்நாட்டு நீர்வழியும் உப்பளமும் ஒரே இடத்தில் சேர்ந்திருந்ததும் ஒரு காரணமாக இருக்க வேண்டும். உப்பளங்கள் கேளம்பாக்கம் சாலையோரம் இன்றும் கண்ணில் படும் நிலப்பரப்பு.

வாய் ஏன் அடைக்கிறது

சென்னைக் கடற்கரையில் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. தென்மேற்குக் காற்றுக் காலத்தில் அலை தெற்கிலிருந்து சாய்வாக வந்து கரையில் மோதும். மணல் வடக்கே நகரும். வடகிழக்குப் பருவத்தில் நேர்மாறாக, மணல் தெற்கே போகும். கரையோரக் குப்பத்து மீனவர்கள் தெற்கிலிருந்து வரும் நீரோட்டத்தைத் தெண்டி என்றும் வடக்கிலிருந்து வருவதை வன்னி என்றும் சொல்வார்கள். வருடக் கணக்குப் பார்த்தால் வடக்கே போகும் மணல்தான் அதிகம். இதற்குச் சாட்சி தேடி எங்கும் போக வேண்டாம். சென்னைத் துறைமுகத்தின் கல் சுவர் கடலுக்குள் போன பிறகு, தெற்கே மெரினா அகலமானது, வடக்கே ராயபுரம் கரை அரித்துப்போனது.

முட்டுக்காட்டு வாயின், அதாவது கழி கடலைச் சேரும் முகத்துவாரத்தின், குறுக்காகவும் அந்த மணல் நடந்துகொண்டே இருக்கிறது. வாய் திறந்திருக்க வேண்டுமானால், உள்ளே வந்து வெளியே போகும் தண்ணீர் அந்த மணலைத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் சென்னைக் கடலில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் குறைவு. அமாவாசை, பௌர்ணமி நாட்களில்கூட ஏறக்குறைய ஒரு மீட்டர் வித்தியாசம்தான். அவ்வளவு சின்ன அசைவால் கழியிலிருந்து வேகமாகத் தண்ணீர் வெளியேறாது. மழை நின்று ஆறேழு வாரங்கள் போனால் மேலிருந்து வரும் நீரும் குறைந்துவிடும். மணலுக்கு எதிர்ப்பு இல்லை. வாய் குறுகும், ஆழம் குறையும், கடைசியில் கரையோரமாக நடந்தே கோவளம் பக்கம் போகும் அளவுக்குத் திட்டு கட்டிவிடும்.

அடைத்த பிறகு உள்ளே நடப்பது இன்னொரு கதை. பிப்ரவரி, மார்ச் தாண்டி வெயில் ஏற ஏற, தண்ணீர் ஆவியாகும். உப்பு மட்டும் மிஞ்சும். ஆழமில்லாத மேற்கு ஓரங்களில் சேறு வெடிக்கும். இங்கே உப்பளம் நடந்ததற்கே இந்த வெயிலும் ஆழமின்மையும்தான் அடிப்படை. அக்டோபரில் வடகிழக்குப் பருவம் தொடங்கியதும் நிலைமை தலைகீழாகும். சில நாள் மழையில் உப்பு நீர் நன்னீராகும், மட்டம் ஏறும், திட்டு ஓரிடத்தில் உடையும். தானாக உடையாவிட்டால் பொக்லைன் வைத்து வெட்டிவிடுவார்கள்.

வெட்டுவதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. உள்ளே நீர்மட்டம் கடல்மட்டத்தைவிட நன்றாக உயர்ந்திருக்கும்போது, ஓதம் இறங்கத் தொடங்கும் நேரத்தில் வெட்டினால், வெளியேறும் தண்ணீரே வாயை அகலமாக்கும். சிறிய வாய்க்கால் போல வெட்டியது சில மணி நேரத்தில் பல மடங்கு பெரிதாகிவிடும். உள்ளே மட்டம் குறைவாக இருக்கையில், அல்லது ஓதம் ஏறும்போது வெட்டினால், கடல் மணலை உள்ளே தள்ளிவிடும். சில நாளில் பழையபடி அடைத்துக்கொள்ளும். எந்த நாளில் எந்த இடத்தில் வெட்ட வேண்டும் என்பது கரையிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குக் கைப்பாடமாகத் தெரியும். அவர்களைக் கேட்காமல் வெட்டுவது பணத்தையும் டீசலையும் கடலில் கொட்டுவதற்குச் சமம்.

வடக்கிலிருந்து வரும் தண்ணீர்

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் தென்சென்னையின் முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரிநீர் வந்து சேர்கிறது. 2022-ல் ராம்சார் தளமாக, அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் பெற்ற ஈரநிலமாக, அறிவிக்கப்பட்ட அந்தச் சதுப்பு இன்று சுமார் 1,248 ஹெக்டேர். அரை நூற்றாண்டுக்கு முன் அது இதைப் போலப் பல மடங்கு பரந்திருந்தது. குப்பைமேடு, சாலை, ரயில் நிலையம், அடுக்ககம், மென்பொருள் வளாகம் என்று ஒவ்வொன்றாக அதைக் கடித்துவிட்டன. சதுப்பிலிருந்து தண்ணீர் வெளியேற முக்கியமான வழி ஒக்கியம் மடுவு. அது துரைப்பாக்கம் அருகே பழைய மாமல்லபுரம் சாலையைக் கடந்து பக்கிங்காம் கால்வாயில் விழுகிறது. அங்கிருந்து தெற்கே சோழிங்கநல்லூர், செம்மஞ்சேரி, நாவலூர் ஓரமாக நடந்து முட்டுக்காட்டில்தான் கடலைப் பார்க்க முடியும்.

இந்தப் பாதையின் சங்கடம் அதன் தட்டையான தன்மை. சதுப்பின் தரை கடல்மட்டத்துக்குச் சில மீட்டர் மேலே, அவ்வளவுதான். அந்தச் சின்ன உயரத்தை வைத்துக்கொண்டு பதினைந்து கி.மீ. அளவுக்குத் தண்ணீர் நடக்க வேண்டும். நடுவில் ஆகாயத்தாமரை, பாலத்தூண், கட்டட இடிபாடு எது வந்தாலும் வேகம் குறையும். கடைசியில் முகத்துவாரமும் அரைகுறையாகத் திறந்திருந்தால், அங்கே அரை மீட்டர் உயர்ந்து நிற்கும் நீர் பின்னோக்கி வெகுதூரம் தெரியும்.

2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது. அடையாற்று வெள்ளம்தான் எல்லோருடைய நினைவிலும் நிற்கிறது. அதில் தவறில்லை, உயிரிழப்பு அங்கேதான் அதிகம். ஆனால் தென்புறநகரில் தண்ணீர் நாட்கணக்கில் நின்றதற்கு இந்தக் கடைசி வாசலின் குறுகலும் ஒரு காரணம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேறொரு பாடம் கிடைத்தது. புயல் கரைக்கு அருகிலேயே மெதுவாக நகர்ந்ததால் கடல் கொந்தளித்து உயர்ந்து நின்றது. வாய் திறந்திருந்தாலும் கடல் தண்ணீரை வாங்க மறுத்தது. பெரும்பாக்கமும் பள்ளிக்கரணையும் மறுபடி மூழ்கின.

பக்கிங்காம் கால்வாயிலிருந்து நேராகக் கடலுக்கு ஒரு குறுக்குவழி வெட்டும் யோசனை 2015-க்குப் பிறகு பேசப்பட்டுவருகிறது. கோவளம் வடிநிலத்துக்கென மாநகராட்சி மழைநீர் வடிகால் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. அதில் கிழக்குக் கடற்கரைச் சாலையோரப் பகுதியை மக்கள் எதிர்த்தார்கள். அந்த எதிர்ப்பு நியாயமானது என்றே நினைக்கிறேன். அங்கே தரை முழுக்க மணல். மழை விழுந்த இடத்திலேயே இறங்கி, கிணற்றுக்கு நல்ல தண்ணீராகும். அதை கான்கிரீட் குழாயில் பிடித்து வெளியேற்றினால் கோடையில் உப்பு நீர்தான் மிஞ்சும். வழக்கு பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது.

கழியை அனுபவிப்பவர்கள்

படகு குழாமில் மிதிபடகு, துடுப்புப் படகு, மோட்டார் படகு, விரைவுப் படகு எல்லாம் கிடைக்கின்றன. அண்மையில் தனியார் கூட்டு முயற்சியில் சுமார் 125 அடி நீளமுள்ள இரண்டு அடுக்கு மிதவை உணவகக் கப்பலும் சேர்ந்திருக்கிறது. சாலையோரமாகவே இறங்கிப் படகில் ஏறலாம், கடல் அலையின் பயம் இல்லை, குழந்தைகளையும் வயதானவர்களையும் உட்காரவைக்கலாம். சென்னைக்குப் பக்கத்தில் நடுத்தரக் குடும்பத்துக்கு இவ்வளவு எளிதாகக் கைக்கு எட்டும் நீர்வெளி வேறு அதிகம் இல்லை. கூவமும் அடையாறும் நகருக்குள்ளேயே ஓடியும் அவற்றில் யாரும் குழந்தையோடு படகு ஏற முடியாது. அந்த வகையில் முட்டுக்காட்டின் மதிப்பை நான் மிகப் பெரிதாகவே பார்க்கிறேன்.

தென்கரையில் வேறு மாதிரியான கூட்டம். கோவளம் குப்பத்து இளைஞர்கள் சிலர் அலைச்சறுக்கைத் தங்கள் தொழிலாகவும் ஊரின் அடையாளமாகவும் மாற்றிவிட்டார்கள். 2013 முதல் நடந்த அலைச்சறுக்கு விழாவால் கோவளத்தின் பெயர் வெளிநாடு வரை போனது. தென்மேற்குக் காற்றுக் காலத்தில் வரும் நீண்ட அலைதான் அதற்குத் தேவை. ஆகஸ்ட் வாக்கில் அது நன்றாக இருக்கும். கடல் சரியில்லாத நாளில் அவர்களே கழிக்குள் வந்து, நின்றபடி துடுப்புப் போடும் பலகையும் கயாக்கும் கற்றுக்கொடுக்கிறார்கள். மீனவர் வீட்டுப் பிள்ளைகள் தங்களுக்குத் தெரிந்த கடலறிவை வைத்தே இப்படி ஒரு பிழைப்பை உண்டாக்கியிருப்பது, இந்தக் கரையில் நடந்த நல்ல விஷயங்களில் ஒன்று. 2021-ல் கோவளம் கடற்கரைக்கு, சுத்தமான கடற்கரைகளுக்குத் தரப்படும் பன்னாட்டு நீலக்கொடிச் சான்று கிடைத்தது. 33 நிபந்தனைகள் கொண்ட அந்தச் சான்றில் குளிக்கும் தண்ணீரின் தரமும் அடக்கம். சற்று வடக்கே இருக்கும் முகத்துவாரத்துக்கு பழைய மாமல்லபுரம் சாலைக் குடியிருப்புகளின் கழிவுநீர் கால்வாய் வழியாக வந்து சேர்கிறது. கடற்கரையைச் சோதிப்பவர்கள் கழியையும் சேர்த்துச் சோதித்தால்தான் அந்தக் கொடிக்கு முழு அர்த்தம் இருக்கும்.

குளிப்பதைப் பற்றி ஒரு எச்சரிக்கை. வாய் திறந்திருக்கும்போது அதன் அருகே தண்ணீர் முழங்கால் அளவில் அமைதியாகத் தெரியும். ஓதம் இறங்கும் நேரத்தில் கழித் தண்ணீர் மொத்தமும் அந்தக் குறுகிய இடத்தில் கடலை நோக்கி இழுக்கும். காலடி மணல் நகரும். நீச்சல் தெரிந்தவரையும் அது கொண்டுபோய்விடும். விடுமுறை நாளில் வாய்க்கு அருகே குடும்பம் குடும்பமாக இறங்கி நிற்பதைப் பார்த்தால் பதறுகிறது. அங்கே போக வேண்டாம், அவ்வளவுதான்.

முட்டுக்காட்டின் கடலோரத்தில் கரிக்காட்டுக்குப்பம் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு கைவிடப்பட்ட ஊர். மக்கள் உள்ளே தள்ளிக் கட்டிய குடியிருப்புக்குப் போய்விட்டார்கள். இடிந்த வீடுகள் நிற்கின்றன. அங்கே இப்போது புகைப்படம் எடுக்க வருகிறவர்கள் நிறைய. பேய் ஊர் என்று பெயர் வைத்து, சிரித்துக்கொண்டு படம் எடுத்துப் போகிறார்கள். அது ஒருவர் குடியிருந்த வீடு, அந்தக் குடும்பம் பக்கத்திலேயே இன்னும் வாழ்கிறது என்பதை யாராவது அவர்களிடம் சொல்ல வேண்டும்.

மேற்கே, கோவளத்திலிருந்து கேளம்பாக்கம் போகும் சாலை கழியைக் குறுக்காகக் கடக்கிறது. விடியற்காலையில் அந்தச் சாலையோரம் தொலைநோக்கியோடு ஆட்கள் நிற்பார்கள். டிசம்பர் முதல் மார்ச் வரை அங்கே பூநாரை, கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை, நெடுங்கால் உள்ளான், மூக்கன், உப்புக்கொத்தி, ஆலா என்று கண் நிறையப் பார்க்கலாம். நுழைவுக் கட்டணம் இல்லை, கோபுரம் இல்லை, பெயர்ப்பலகைகூட இல்லாமல் நடக்கும் பொழுதுபோக்கு இது. வண்டிகள் வேகமாகப் போகும் சாலை என்பதால் நிற்பதற்கு ஒரு அகலமான ஓரம் அமைத்துக் கொடுத்தால் நல்லது.

ஆளுக்கொரு ஆழம்

பூநாரைக்குத் தன் காலளவு தண்ணீர் போதும். சின்ன உள்ளான்களுக்கு ஈரச் சேறும் விரல் ஆழத் தண்ணீரும் வேண்டும். அதற்கு மேல் ஏறினால் இரை எட்டாது, இடத்தைக் காலி செய்துவிடும். மோட்டார் படகுக்கு அந்த ஆழம் உதவாது. விசிறி தரையில் தட்டாமல் ஓட ஒரு ஆள் மூழ்கும் அளவாவது இருந்தால்தான் நிம்மதி. 125 அடி கப்பல் திரும்புவதற்கு இன்னும் அகலமும் ஆழமும் வேண்டும். ஆகவே சுற்றுலா பெருகப் பெருகத் தூர்வாரச் சொல்லி அழுத்தம் வரும். தூர்வாரிய சேற்றை எங்கே கொட்டுவது என்று கேட்டால், பக்கத்தில் இருக்கும் ஆழமற்ற ஓரத்தைத்தான் கை காட்டுவார்கள். அந்த ஓரம்தான் பறவையின் சாப்பாட்டுத் தட்டு.

மீன்காரர்களுக்கு ஆழத்தைவிட வாய் முக்கியம். வெள்ளை இறால் கடலில் முட்டையிடுகிறது. குஞ்சு கழிக்குள் வந்து வளர்ந்து திரும்பக் கடலுக்குப் போகிறது. மடவையும் அப்படித்தான். கழி நண்டில் சினை கொண்ட பெண் நண்டு கடலுக்கு இறங்க வேண்டும். கொடுவாவும் இந்த வாசலைத் தாண்டிப் போய்வருகிற மீன். வாய் சரியான மாதத்தில் திறக்கவில்லை என்றால் அந்த வருடக் குஞ்சு உள்ளே வராது. வீச்சு வலையோடு இடுப்பளவு நீரில் நிற்பவருக்கும், சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்துப் பறியில் போட்டுக்கொள்ளும் இருளர் பெண்களுக்கும், அந்த இழப்பு சில மாதம் கழித்து வெறுங்கையாகத் தெரியும். அதை யாரும் வெள்ளச் சேதம் போலக் கணக்கெடுப்பதில்லை.

இந்தக் கழியின் உவர்நீரை நம்பி ஓர் அறிவியல் நிறுவனமும் இருக்கிறது. 1987-ல் தொடங்கிய மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் சோதனைப் பண்ணை முட்டுக்காட்டில்தான் உள்ளது. இந்தியாவில் கொடுவாவைச் சிறைப்பட்ட நிலையில் முட்டையிட வைத்துக் குஞ்சு எடுத்த சாதனை 1997-ல் இந்த நிறுவனத்தால் வந்தது. பிறகு 2015-ல் பால்மீன். நாடு முழுக்க உவர்நீர்ப் பண்ணைகளுக்குப் பயன்பட்ட அந்த வேலை நடந்த தண்ணீரின் ஓரத்தில்தான் நாம் பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டு படகுக்குக் காத்திருக்கிறோம். பள்ளிப் பிள்ளைகளைப் படகுக்குக் கூட்டிவரும் ஆசிரியர்கள் இதைச் சொல்லிக்கொடுத்தால் அந்தச் சுற்றுலாவுக்கே இன்னொரு மதிப்பு வரும்.

சரி, நாலு பேருக்கு நாலு தேவை. இதில் யார் பக்கம் நிற்பது? வெள்ளம் வரும் மாதங்களில் வாய் திறந்திருக்க வேண்டும் என்பதில் விவாதமே கிடையாது. மேலே லட்சக்கணக்கானவர்கள் குடியிருக்கிறார்கள். நல்ல வேளையாக, மீனுக்கும் அந்த மாதங்களில் திறப்பது உகந்ததே. மோதல் வருவது ஜனவரிக்குப் பிறகு. அப்போது படகுக்காக மட்டத்தை உயர்த்திப் பிடித்தால் பறவைக்கு இடம் போகும். மட்டம் இறங்கவிட்டால் படகுக்கு நாள் குறையும். என் தீர்ப்பு பறவை, மீன் பக்கம். படகுக்கு வேறு வழிகள் இருக்கின்றன. பாலத்தை ஒட்டிய ஆழமான பகுதியை மட்டும் படகுக்கு ஒதுக்கலாம். தண்ணீர் குறைந்த மாதங்களில் விரைவுப் படகை நிறுத்திவைத்து, கயாக், துடுப்புப் படகு, மிதிபடகை மட்டும் விடலாம். உள்ளானுக்கு விரல் ஆழச் சேற்றை வேறு எங்கிருந்து கொண்டுவருவது?

செய்யக்கூடியவை

முதலில், கிழக்குக் கடற்கரைச் சாலைப் பாலத்திலும் கேளம்பாக்கம் சாலைப் பாலத்திலும் எல்லோருக்கும் தெரியும்படி நீர்மட்ட அளவுகோல் வைக்க வேண்டும். தினமும் எடுத்த அளவைப் பஞ்சாயத்துப் பலகையிலும் இணையத்திலும் போட வேண்டும். செலவு மிகக் குறைவு. எந்த மட்டத்தில் எங்கே தண்ணீர் ஏறுகிறது, எந்த மட்டத்தில் பறவை போகிறது, எந்த மட்டத்தில் படகு தட்டுகிறது என்பதெல்லாம் இரண்டு மூன்று பருவத்தில் எல்லோருக்கும் பொதுவான கணக்காகிவிடும். அந்த எண் இல்லாமல் நடக்கும் பேச்சில் யார் குரல் பெரிதோ அவர் சொல்வதுதான் நிற்கும்.

அடுத்தது, முகத்துவாரத்தை வெட்டும் முடிவு. நீர்வளத் துறை, மீன்வளத் துறை, சுற்றுலாக் கழகம், முட்டுக்காடு, கோவளம் குப்பங்களின் பஞ்சாயத்தார், இருளர் பிரதிநிதிகள் ஒன்றாக உட்கார்ந்து, செப்டம்பர் கடைசியில் ஒரு முறையும் ஜனவரியில் ஒரு முறையும் பேசினால் போதும். வெள்ளம் வீட்டுக்குள் வந்த பிறகு பொக்லைனைத் தேடுவது பழகிப்போன வழக்கமாகிவிட்டது. அப்புறம், வாயை நிரந்தரமாகத் திறந்துவைக்கக் கல் சுவர் கட்டலாமே என்று அடிக்கடி கேட்பவர்கள் உண்டு. கட்டலாம். ஆனால் வடக்கே போகும் மணல் அந்தச் சுவரில் தங்கிவிடும். முட்டுக்காடு, கானாத்தூர் குப்பங்களின் கரை அரிக்கத் தொடங்கும். ராயபுரத்தில் நடந்ததைத் தெரிந்துவைத்துக்கொண்டு இங்கேயும் அதைச் செய்வதில் எனக்குச் சம்மதம் இல்லை.

கட்டுமானத்தையும் கவனிக்க வேண்டும். கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் ஓதம் ஏறும் கழிகளுக்கும் பொருந்தும். ஆனால் 2019 அறிவிக்கையில் கழியோரப் பாதுகாப்புப் பட்டை 100 மீட்டரிலிருந்து 50 மீட்டராகச் சுருங்கியது. கழியின் அகலம் அதைவிடக் குறைவு என்றால் அந்த அகலம்தான் கணக்கு. ஏற்கெனவே விடுதிகளும் வீடுகளும் நெருங்கிவிட்ட இந்த ஊரில் பெரிய பன்னாட்டு மாநாட்டு அரங்கம் ஒன்றும் வருகிறது. வருகிற கூட்டத்தின் கழிவுநீர் எங்கே போகும் என்பதை அரங்கம் திறக்கும் முன்பே சொல்லியாக வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம் தெற்கே காத்திருக்கிறது. திருப்போரூர் அருகே, கோவளத்துக்குத் தெற்கே உள்ள தாழ்நிலத்தில் சென்னைக் குடிநீருக்காகப் புதிய நீர்த்தேக்கம் அமைக்கும் திட்டத்தை அரசு 2025 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. மழைநீர் வீணாகக் கடலுக்குப் போகிறது என்பது அதற்குச் சொல்லப்படும் நியாயம். சென்னைக்குக் குடிநீர் வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பு இருக்காது. ஆனால் உவர்நீர்க் கழியை நன்னீர் ஏரியாக மாற்றினால் அங்கே இறாலும் நண்டும் பிடித்தவர்களுக்கு அந்த நீர் அந்நியமாகிவிடும். மீனவர்கள் எதிர்ப்பது அதனால்தான். இதோடு நான் இன்னொன்றையும் சேர்ப்பேன். கடலுக்குப் போகும் மழைநீர்தான் முகத்துவாரத்து மணலைத் தள்ளும் முக்கியமான விசை. தெற்குத் தாழ்நிலத்து நீரைத் தேக்கிவிட்டால் முட்டுக்காட்டு வாயில் அந்த விசை எவ்வளவு குறையும், திட்டு எத்தனை வாரம் முன்னதாக அடைக்கும், அதனால் ஒக்கியம் மடுவுத் தண்ணீர் எவ்வளவு தாமதமாக வடியும் என்ற கணக்கு திட்ட அறிக்கையில் தனியாக வர வேண்டும். கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குப் போகிறவர்களில் கோவளத்து மீனவர்களோடு பெரும்பாக்கத்து அடுக்ககக்காரர்களும், படகு குழாமை நடத்துபவர்களும் இருக்க வேண்டும். இந்தக் கேள்வி மூன்று தரப்புக்கும் சொந்தம்.